புலோவின் தோளில் கிடந்த கைகள்

லூடிவினா பைலோனிடம் நண்டு வாங்கப் போகிறவர்கள் முதலில் திட்டு வாங்குவார்கள், பிறகுதான் நண்டு. பிலிப்பைன்ஸில் எங்கள் இலோய்லோ பெரிய சந்தையில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஓட்டை அழுத்திப் பார்த்தால், "அது என்ன உன் மாமியார் கன்னமா, அந்த அமுக்கு அமுக்கறே?" என்பாள். விலையைக் குறைக்கச் சொன்னால், "கடல்கிட்டப் போய்க் கேளு, அது குறைச்சுக் குடுக்கும்" என்பாள். ஆனாலும் கூட்டம் என்னவோ அவள் கடையில்தான். செத்த நண்டை உயிர் நண்டோடு சேர்த்துக் கட்டித் தலையில் கட்டுகிற வேலை அவளிடம் கிடையாது.

பனாத்தே கடற்கரையில் பிறந்தவள். அப்பா படகோடு போனவர் திரும்பவில்லை. அம்மா அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். மிச்சம் இவளும் தம்பி கிறிஸ்புலோவும்தான். தம்பியை வளர்ப்பதற்காகக் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது உருக ஆரம்பித்தால் லூடிக்குப் பற்றிக்கொண்டு வரும். "எவனும் வந்து கேக்கலை, அவ்வளவுதான். இதுல தியாகம் எங்கேருந்து வந்துச்சு?" என்பாள்.

புலோ ஊருக்குள் ஆள் ஏற்றிப் போகிற ஜீப்னி ஓட்டினான். சொந்த வண்டி. முன்கண்ணாடிக்கு மேலே சிவப்புப் பெயின்டில் பெரிதாக அக்காவின் பெயரை எழுதி வைத்திருந்தான். "என் பேரைப் போட்டுக்கிட்டு ஊர்ல கண்டவன் மேலயும் மோதாதேடா" என்று அவள் சொன்னதற்கு, "உன் பேரைப் பார்த்தாலே லாரிக்காரன் ஒதுங்கிடறான் மனாங்" என்றான். அக்காவை மனாங் என்றுதான் கூப்பிடுவோம். அவன் அந்த வார்த்தையை இழுத்துச் சொல்லும்போது பாதி மரியாதை, பாதி நக்கல் இருக்கும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சோற்றுப் பானையிலிருந்து மின்விசிறி வரை எல்லாவற்றுக்கும் சண்டை போட்டுக்கொண்டு, ரெண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

அப்புறம் புலோவுக்கு வயிற்று வலி வந்தது. வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மடங்கி உட்கார்ந்துவிட்டான். பித்தப்பையில் கல் என்றார்கள். பெரிய வியாதி இல்லை. நம் ஊரில் பாதிப் பேருக்கு அது இருக்கிறது, எடுத்துப் போட்டுவிட்டுக் கொழுத்த பன்றி சாப்பிடத்தான் செய்கிறார்கள். சந்தைக்கு நாலு தெரு தள்ளியிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு லூடி அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். பெயர் எதற்கு, விடுங்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு அப்போதுதான் புது இயந்திரம் ஒன்று வந்து இறங்கியிருந்தது.

நாலு கை வைத்த இயந்திரம். அந்தக் கைகள் நோயாளியின் வயிற்றுக்குள் போகும். டாக்டர் அதே அறையின் மூலையில் ஒரு பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்து, விரலாலும் காலாலும் அதை ஆட்டுவார். புலோவுக்கு அதிலே இலவசமாகப் பண்ணித் தருகிறோம் என்றார்கள். இலவசம் என்றதும் லூடிக்கு உறுத்தியது. சும்மா கொடுக்கிற மீன் நாறும் என்று தெரியாதவளா அவள்? அதனால் கேள்வி கேட்டாள். கேட்டது எட்ஸெலிடம். அங்கேதான் எல்லாம் கெட்டது.

எட்ஸெலுக்கு முப்பது வயசு இருக்கும். வெள்ளைக் கோட்டு, படிய வாரிய தலை, பல் எல்லாம் தெரிகிற சிரிப்பு. வார்டுக்குள் அவன் வந்தால் நர்ஸுகள் எழுந்து நிற்பார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் யாராக இருந்தாலும் எங்களுக்கு 'டாக்'தான். நீங்கள் டாக்டரா என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டோம், கேட்டால் மரியாதைக் குறைவு. அந்த மரியாதைதான் எங்களைக் கவிழ்த்தது.

"இது இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கு, டாக்?" என்று லூடி கேட்டாள்.

"உலகம் பூரா லட்சக்கணக்கில மனாங். கை நடுங்காது, களைப்பு வராது. மனுஷன் கையைவிட நுணுக்கம்."

"வலிக்குமா?"

"சின்னச் சின்ன ஓட்டைதான். அடுத்த வாரம் வண்டி ஓட்டலாம்."

மறுநாள் அவள் ஒரு கூடை நண்டு கொண்டுபோனாள். முட்டை நிறைந்த பெட்டை நண்டு, கொடுக்கைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்குப் போட்டு மூடி, உயிரோடு. அறுக்கப் போகிற டாக்டருக்கு இப்படி ஏதாவது கொடுப்பது எங்கள் வழக்கம். குய்மராஸ் தீவுக்காரன் மாம்பழம் கொடுப்பான், மலைக்காரன் கோழி கொடுப்பான், அவளிடம் நண்டு இருந்தது. எட்ஸெலின் கையில் கூடையைக் கொடுத்துவிட்டு, அவன் கையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இருக்கிறது இவன் ஒருத்தன்தான், டாக். உங்க கையில ஒப்படைச்சுட்டேன்."

"கவலைப்படாதீங்க மனாங், நாங்க பார்த்துக்கறோம்" என்றான் எட்ஸெல்.

நான் டாக்டர் இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அவன் சொல்லவில்லை. கூடையைக் கோட்டில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு போனான். அவன் அந்த இயந்திரத்தை விற்கிற கம்பெனியின் ஆள்.

உண்மையான டாக்டர் பெயர் ரொம்மெல் பால்மாரெஸ். கெட்டிக்காரர் என்றுதான் பேச்சு. பழைய முறையில் பித்தப்பை எடுப்பதில் அவருக்கு நல்ல பெயர், சந்தையிலேயே அவர் கைப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வார்டுக்கு ஒரே ஒரு தடவை வந்தார், அதுவும் போட்டோ எடுக்க. புலோ பச்சை அங்கியோடு கட்டிலில் உட்கார்ந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். ஒரு பக்கம் எட்ஸெல், மறுபக்கம் டாக்டர் பால்மாரெஸ், ரெண்டு பேரும் அவன் தோளில் ஆளுக்கொரு கை போட்டுக்கொண்டார்கள். புலோவுக்குப் பெருமை தாங்கவில்லை. "மனாங், என்னை நடிகன் மாதிரி ஆக்கிட்டாங்க பாரு" என்றான். "ஆமா, குரங்கு வேஷம் குடுப்பாங்க" என்றாள் லூடி.

அறுவை நாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் பெரிய பேனர் தொங்கியது. அந்தப் போட்டோதான், ஆள் உயரத்துக்கு. கீழே, 'எங்கள் முதல் ரோபோ அறுவை சிகிச்சை! வாழ்த்துகள், கிறிஸ்புலோ பைலோன்!' என்று எழுதியிருந்தது. பேனரில் முதல் என்று போட்டால் எங்கள் ஊரில் அது பெருமை. பரீட்சையில் முதல், அழகுப் போட்டியில் முதல், அந்த மாதிரி. லூடி அதன் கீழே நின்று போட்டோ எடுத்துச் சந்தையில் எல்லாருக்கும் அனுப்பினாள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் உறைக்கவில்லை, போட்டோவைப் பார்த்து வாழ்த்துச் சொன்ன எங்களுக்கும் உறைக்கவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பந்தாய் என்போம். மருந்து வாங்குவது, துடைத்துவிடுவது, தரையில் அட்டை விரித்துப் படுத்துக் காவல் இருப்பது எல்லாம் பந்தாய் வேலை. ஆபரேஷன் முடிந்ததும் அறுத்த டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, இன்னாருடைய பந்தாய் யார் என்று கூப்பிடுவார். வெட்டி எடுத்ததைக் கிண்ணத்தில் வைத்துக் காட்டுவார். "இதோ பாருங்க, இதான் உள்ளே இருந்தது" என்பார். வேர்த்த முகத்தோடு அவர் நிற்பதைப் பார்த்தால்தான் எங்களுக்கு மூச்சு வரும்.

லூடி கதவுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மற்ற பந்தாய்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஒருத்திக்குக் குடல்வாலைக் காட்டினார்கள், இன்னொருவருக்கு ஒரு கட்டியை. இவளை யாரும் கூப்பிடவில்லை. சொன்ன நேரம் தாண்டி வெகு நேரம் ஆனது. முதல் ரோபோ ஆபரேஷனைப் படம் பிடிக்க வந்த கேமராக்காரர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பச்சோய் நூடுல்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எட்ஸெல்தான் வந்தான். போனை நீட்டினான். அதில் ஒரு படம்.

"இதான் பித்தப்பை. உள்ளே கல்லு தெரியுது பாருங்க மனாங்."

"நிஜமானது எங்கே?"

"அது நேரா லேபுக்குப் போயிடும். இப்பல்லாம் அப்படித்தான்."

அவள் சந்தோஷப்பட்டாள். அதுதான் கொடுமை. போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, எட்ஸெலுக்கு நன்றி சொன்னாள். "நண்டு நல்லா இருந்துச்சா, டாக்?" என்று வேறு கேட்டாள். "அருமை" என்றான் அவன்.

அதற்கப்புறம் நடந்ததை லூடி யாரிடமும் நீட்டிச் சொல்வதில்லை. புலோவுக்கு வயிறு வீங்கியது. கண் மஞ்சளானது. காற்று என்றார்கள், மருந்தின் வேகம் என்றார்கள். அவன் வலியில் அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மனாங், இவங்க எதையோ உள்ளே விட்டுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பிறகு அவசரமாக வயிற்றைத் திறந்தார்கள். பித்தம் போகிற குழாய் துண்டாகியிருந்தது, வயிறு பூராவும் சீழ். இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு அவன் கண் விழிக்கவே இல்லை.

பிணம் வீட்டில் இருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து மலர்வளையம் வந்தது. அதன் குறுக்கே ரிப்பனில் இயந்திரக் கம்பெனியின் பெயரும் இருந்தது. பிணத்துக்குக் காவலாகக் கண்விழித்து, காப்பி குடித்துக்கொண்டு சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். லூடி அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு முன்னால் போட்டாள்.

அடக்கம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அழவும் கத்தவும் அவளுக்கு இஷ்டமில்லை. ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அறுத்தவர் யாரோ, அவர் வந்து அவள் முன்னால் நின்று, நான்தான் அறுத்தேன் என்று சொல்ல வேண்டும். அன்றைக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்திருக்க வேண்டியவர். அவ்வளவுதான்.

நிர்வாகி அம்மாள் குளிர் அறையில் உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தாள். "குழாய் வெட்டுப்பட்டிருக்கு. எந்த முறையில பண்ணினாலும் சில பேருக்கு இப்படி ஆகறதுதான்" என்றாள்.

"வெட்டுப்பட்டிருக்கா? எங்க கடையில மீன்கூடத் தானா வெட்டுப்படாது. யார் வெட்டினது?"

"கருவியைச் சோதிச்சுட்டோம் மனாங். கருவியில ஒரு குறையும் இல்லை."

"நான் கருவியைக் கேக்கலை. கருவிக்கு அக்கா தங்கச்சி கிடையாது. அதை ஆட்டினவர் யாரு?"

"அது ஒரு குழுவா பண்றது."

"குழுவா வந்து சொல்லட்டும், எனக்குப் பரவாயில்லை."

டாக்டர் பால்மாரெஸ் மணிலாவில் கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அடுத்த தடவை போனபோது வேறு எங்கேயோ போயிருந்தார். நடைபாதையில் எட்ஸெலைப் பிடித்தாள். அவன் மூஞ்சியில் ஈயாடவில்லை.

"டாக், நீங்கதானே சொன்னீங்க, பார்த்துக்கறோம்னு."

"மனாங், நான் டாக்டர் இல்லையே. டாக்டர்னு எப்பவாவது சொன்னேனா?"

லூடி அவனை மேலிருந்து கீழே வரை பார்த்தாள். உண்மைதான், அவன் சொல்லவில்லை. "என் நண்டைத் தின்னவன் நீதானே?" என்று மட்டும் கேட்டாள். அதற்குள் அவன் லிஃப்டுக்குள் நுழைந்துவிட்டான்.

வாசலில் பேனர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அல்லது கழற்றுவது யார் வேலை என்று அவர்களுக்குள் முடிவாகவில்லை. செத்துப்போனவன் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு, வருகிறவர்களை எல்லாம் வரவேற்றுக்கொண்டிருந்தான். லூடி இடுப்புப் பையிலிருந்து மீன் கத்தியை எடுத்தாள். காவலாளி ஓடிவந்தான். ஓடிவந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான், பேனரைப் பார்த்தான். பேசாமல் போய் ஏணி கொண்டுவந்து பிடித்துக்கொண்டான். அவனும் புலோவின் ஜீப்னியில் வேலைக்கு வந்தவன்தான்.

கிழித்துச் சாக்கடையில் போடத்தான் அதை இறக்கினாள். வீட்டில் விரித்துப் பார்த்தபோது மனசு வரவில்லை. சிரிக்கிற புலோவின் படம் அவளிடம் வேறு இல்லை. ஓட்டுநர் உரிமத்தில் இருப்பவன் போலீஸில் மாட்டியவன் மாதிரி முழிப்பான். சரி, அவனை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று கத்தியை வைத்தாள். முடியவில்லை. அந்த ரெண்டு பேரின் கைகளும் அவன் தோளில் கிடந்தன. அவற்றை வெட்டினால் அவன் தோள் ரெண்டும் ஓட்டையாகும். இன்னொரு தடவை அவனை வெட்ட அவளால் ஆகாது.

அப்படியே கொண்டுவந்து கடைக்கு மேலே கட்டினாள். பழைய பேனரைக் கூரையாகக் கட்டாத கடை எங்கள் சந்தையில் ஏது? என் கடைக்கு மேலே போன தேர்தலில் தோற்றவர் தொங்குகிறார். ஆனால் லூடி படம் வெளியே தெரிகிற மாதிரி, சரிவாக, வாங்க வருகிறவர் நேராகப் பார்க்கிற மாதிரிக் கட்டினாள். நண்டு வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள். அவள் நண்டைக் கட்டிக்கொண்டே பதில் சொல்வாள்.

"நடுவுல என் தம்பி. ரோபோ ஆபரேஷன்ல செத்துட்டான். இந்தப் பக்கம் இருக்கறவன் நண்டு தின்னவன். அந்தப் பக்கம் இருக்கறவர் டாக்டர்."

"அப்ப யாரு பண்ணினது?"

"தெரியலை. யாருமே பண்ணலையாம்."

இப்படியே மழைக்காலம் போனது. பேச்சு சந்தையிலிருந்து மாதா கோயிலுக்கும், கோயிலிலிருந்து பள்ளிக்கூட வாசலுக்கும் போயிற்று. அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் எல்லாம், அறுக்கிறது யார், அவர் இதை எத்தனை தடவை பண்ணியிருக்கிறார் என்று கேட்க ஆரம்பித்தார்கள். வெள்ளைக் கோட்டைப் பார்த்து, நீங்க டாக்டரா என்றே கேட்டார்கள். மரியாதை கெட்ட ஜனங்கள் என்று நர்ஸுகள் முணுமுணுத்தார்கள்.

ஒரு சனிக்கிழமைக் காலை டாக்டர் பால்மாரெஸ் சந்தைக்கு வந்தார். கோட்டு இல்லை, சாதாரணச் சட்டை. ஆனாலும் தலைக்கு மேலேயே அவர் முகம் தொங்கும்போது யாருக்குத்தான் அடையாளம் தெரியாது? பக்கத்துக் கடைகளில் பேரம் நின்றது. லூடி நிமிரவில்லை.

"மனாங், இதை இறக்கிடுங்களேன்."

"மழை வந்தா என் நண்டை உங்க ஆஸ்பத்திரி வந்து மூடுமா?"

"நல்ல புதுத் தார்ப்பாயா வாங்கித் தரேன்."

"என்கிட்ட இருக்கு. இதுல என் தம்பி சிரிக்கிறான்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "என் பிள்ளைங்க இந்த வழியாத்தான் ஸ்கூலுக்குப் போறாங்க."

"போகட்டுமே. அப்பா முகத்தைத்தானே பார்க்குதுங்க. அதுல என்ன வெட்கம்?"

லூடி அப்போதுதான் நிமிர்ந்தாள். கத்தி முனையால் பேனரில் புலோவின் இடது தோளைக் காட்டினாள்.

"இந்தக் கை யாரோடது?"

"என்னோடது."

"போட்டோ எடுக்கறப்ப இருந்துச்சு. உள்ளே போனதும் எங்கே போச்சு? உள்ளே எல்லாம் அந்த மெஷினோட கைதான்னு சொல்றாங்களே. நான் நடையா நடந்தேன். ஒருத்தர் வந்து நிக்கலை."

டாக்டர் சுற்றும் பார்த்தார். ஐஸ் உடைக்கிறவன்கூட உடைப்பதை நிறுத்தியிருந்தான். போய்விடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் போகவில்லை.

"உள்ளேயும் என் கைதான்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "பெட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நான்தான் பண்ணினேன். எந்த மிதியை அழுத்தணும்னு எட்ஸெல் பின்னாடி நின்னு சொன்னான். அதுக்கு முன்னாடி பொம்மையிலயும் பன்னியிலயும்தான் அதை ஆட்டிப் பழகியிருந்தேன். மனுஷன்ல அதுதான் முதல் தடவை. அதை நான் உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லலை."

லூடி கத்தியைக் கீழே வைத்தாள்.

"எது குழாய்னு ஒரு கட்டத்தில எனக்குச் சந்தேகம் வந்துச்சு, மனாங். அங்கேயே நிறுத்திட்டு வயித்தைத் திறந்திருந்தா என் கைக்குத் தெரிஞ்சிருக்கும். எத்தனையோ பண்ணின கை. ஆனா வெளியே கேமராக்காரங்க காத்துக்கிட்டிருந்தாங்க. பேனர் கட்டியாச்சு. நிறுத்தினா மெஷின் தோத்துப்போச்சுன்னு ஆயிடும். அதனால வெட்டினேன்."

லூடி இந்த நாளுக்காக என்னென்னவோ தயார் பண்ணி வைத்திருந்தாள், எங்களிடம் சொல்லியும் இருக்கிறாள். துப்ப வேண்டும் என்பாள், மீன் கழுவின தண்ணீரைத் தலையில் ஊற்ற வேண்டும் என்பாள். எதையும் செய்யவில்லை.

"அன்னைக்கு ஏன் வெளியே வரலை? பெஞ்சிலயே உட்கார்ந்திருந்தேனே."

"உங்க முகத்தைப் பார்க்க வெட்கமா இருந்துச்சு."

"என் தம்பி வந்தான் வெளியே. வயித்தைக் கிழிச்சுக்கிட்டு, மஞ்சளா, எல்லாரும் பார்க்க வந்தான். அவன் வெட்கப்பட்டா வந்தான்?"

அவர் அழுதார். ஆண்பிள்ளை நடுச்சந்தையில் அழுவதைப் பார்க்க எங்களுக்குச் சங்கடமாக இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டோம். லூடி திருப்பிக்கொள்ளவில்லை. அவளுக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வந்தது என்று நான் எழுதினால் அவள் என்னைச் சும்மா விடமாட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனரை அண்ணாந்து பார்த்தார். "இப்ப இறக்கிடலாமா, மனாங்?"

"முடியாது" என்றாள் லூடி. "இவ்வளவு நாளா யாரு பண்ணினதுன்னு கேட்டா, தெரியலைன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் சொல்ல ஒரு பதில் கிடைச்சிருக்கு."

அந்த நேரம் பார்த்துக் கையில் கூடையோடு ஒரு பெண் வந்து நின்றாள். வெளியூர் ஆள் போல. நண்டைக் கிளறினாள், பேனரைப் பார்த்தாள்.

"அது யாரு மனாங், நடுவுல சிரிக்கிறது?"

"என் தம்பி. புலோ. ஆபரேஷன்ல செத்துட்டான்."

"ஐயோ பாவம். யாரு பண்ணின ஆபரேஷன்?"

லூடி டாக்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான்" என்றார் அந்தப் பெண்ணிடம். கோடியில் இருக்கிற என் கருவாட்டுக் கடை வரைக்கும் அது கேட்டது.